கண்ணாடி வைத்த கேமராவும் கண்ணாடி இல்லாத கேமராவும்

2022 ஆடி மாதம். நம் பக்கத்தில் ஆடியில் கல்யாணம் கிடையாது. ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு அது ஈ ஓட்டும் மாதம். அப்படி ஒரு மத்தியானத்தில் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். தோளில் கேமராப் பை, முகத்தில் கவலை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, இருக்கற எஸ்.எல்.ஆர். எல்லாத்தையும் வித்துட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறிடலாம்னு இருக்கறேன். பத்தாததுக்கு அவ நகையை வெச்சா காசு புரட்டிரலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் கேமரா பிடித்துப் பிழைத்தவன் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தி, 2011-ல் ஓய்வு பெற்றவன். குவிலென்ஸ், சமதள ஆடி என்று கரும்பலகையில் கோடு போட்டவன், அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு அப்பா வழியில் பெரியவர்கள் யாரும் இல்லை. கொரோனாக் காலத்தில் இரண்டு வருஷம் கல்யாணங்களெல்லாம் ஐம்பது பேரோடு வீட்டு வாசலில் நடந்தன. போட்டோகிராபரைக் கூப்பிட ஆளில்லை. ஸ்டுடியோ வாடகைக்கே கடன் வாங்கினான். இப்போது மிச்சமிருக்கும் நகையும் போனால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு வந்தது. "ஒரு வாரம் பொறு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததும் நினைவுபடுத்திக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவன் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தான் என்பதைச் சொல்ல வேண்டும். என் தங்கை கல்யாணம் 1986-ல் வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அப்பா தறிக்காரர். "கலரெல்லாம் வேண்டாம், கறுப்பு வெள்ளையே போதும்" என்று சொல்லிவிட்டார். வந்த போட்டோகிராபர் வயிற்றோடு அணைத்துப் பிடிக்கும் இரண்டு லென்ஸ் கேமரா வைத்திருந்தார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மாப்பிள்ளை அழைப்பு, அரசாணிக்கால், உறவுக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டே வந்ததில் பன்னிரண்டும் தீர்ந்தது. அவர் பந்தல்காலுக்குப் பின்னால் திரும்பி நின்று ரோல் மாற்றிக்கொண்டிருந்தபோது இங்கே கெட்டி மேளம் கொட்டிவிட்டது. தாலி கட்டியாகிவிட்டது.

அவர் ஓடி வந்து, "மாப்ள, கழுத்துகிட்ட கையை மட்டும் அப்படியே வெச்சுக்கங்க, பொண்ணு இங்க பாருங்க" என்று சொல்லி ஒரு படம் எடுத்தார். அந்தப் படம்தான் ஆல்பத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பங்களில் இப்படி "மறுபடி கட்டிய" தாலிப் படங்கள் எத்தனையோ உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கலாம். என் மருமகன் ஐந்தாறு வயதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்பா கையில மஞ்சக் கயிறே இல்லையே?" தங்கை சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். சிரித்தாலும் அவளுக்கு அதில் ஒரு குறை இருந்தது. பையன் மனதில் அது எங்கேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கேமராவுக்கு வருவோம். எஸ்.எல்.ஆர். என்பதில் உள்ள விஷயமே ஒரு சின்னக் கண்ணாடிதான். லென்ஸுக்குப் பின்னால் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் அது நிற்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை மேலே திருப்பி விடும். மேலே ஐந்து பக்கம் கொண்ட ஒரு பட்டகம் அதை நேராக்கி நம் கண்ணுக்கு அனுப்பும். பித்தானை அழுத்தினால் கண்ணாடி "டப்" என்று மேலே போகும், பின்னால் உள்ள பிலிமில் வெளிச்சம் விழும், கண்ணாடி திரும்பக் கீழே வரும். இன்று பிலிமின் இடத்தில் சென்சார். மிரர்லெஸ்ஸில் இந்தக் கண்ணாடியும் கிடையாது, பட்டகமும் கிடையாது. சென்சாரே எப்போதும் விழித்திருந்து, தான் பார்ப்பதை ஒரு சின்னத் திரையில் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

"மிரர்லெஸ்" என்றால் ஏதோ புத்தம் புதிது என்று தோன்றுகிறது. வரலாற்றைப் பார்த்தால் கேமரா பிறந்தபோதே அதில் கண்ணாடி இல்லை. கண்ணாடி இடையில் வந்தது. இப்போது இடையிலேயே விடைபெறுகிறது.

ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் இருட்டு மண்டபத்துச் சுவரில் சிறு துளை. அதன் வழியே ராஜகோபுரத்தின் பிம்பம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இருட்டறையும் ஒரு துளையும் இருந்தால் பிம்பம் வரும். ஆனால் தலைகீழாக வரும். எல்லாக் கேமராவுக்கும் அடிப்படை இதுதான். அந்தத் தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்திப் பார்க்கத்தான் கண்ணாடி தேவைப்பட்டது. ஜெர்மானியரான யோஹான் ஸான் என்பவர் 1685-லேயே கண்ணாடி பொருத்திய ஒரு பெட்டியைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். புகைப்படமே கண்டுபிடிக்கப்படாத காலம் அது! பிம்பத்தைப் பார்க்க முடிந்தது, பிடித்து வைக்க முடியவில்லை. பிடித்து வைக்கும் வித்தையை பிரான்சில் தாகேர் 1839-ல் உலகுக்குக் காட்டினார்.

அதற்கு இருபது வருஷத்துக்குள் கேமரா நம் ஜில்லாவுக்கே வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்த படங்கள் இன்றும் உலக மியூசியங்களில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை இருபத்தோரு படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அவர் வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்று சேலம் ஜில்லாவின் ராயக்கோட்டையும் பிற இடங்களும். ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். நாம்கூட 1997-ல் நாமக்கல் மாவட்டமாகும்வரை அதே சேலத்தோடுதானே இருந்தோம்.

டிரைப் கையாண்டது மரத்தாலான பெரிய கேமரா, முக்காலி, தலைக்கு மேல் கறுப்புத் துணி. உள்ளே கண்ணாடி எதுவும் திருப்பிக் காட்டவில்லை. மங்கலான தேய்த்த கண்ணாடிப் பலகையில் கோபுரம் தலைகீழாகவே தெரியும். அதைப் பார்த்து முடித்தபின் பலகையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நெகட்டிவைச் செருகித் திறக்க வேண்டும். ஆக, படம் எடுக்கும் நேரத்தில் அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கோபுரம் நகராது என்பதால் பிழைத்தார். 1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன், செலவு அதிகம் என்று அந்தப் புகைப்பட வேலையையே நிறுத்தச் சொல்லிவிட்டார். கேமராவுக்குச் செலவு செய்யலாமா கூடாதா என்ற வழக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது!

நகராத கோபுரத்துக்குச் சரி, நகரும் மனிதனுக்கு என்ன செய்வது? பார்ப்பதும் எடுப்பதும் ஒரே லென்ஸில், அடுத்தடுத்து, நொடியில் நடக்க வேண்டும். இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் 1861-ல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். லென்ஸுக்குப் பின் ஒரு கண்ணாடி. பார்த்து முடித்ததும் அதைத் தூக்கிவிட்டால் படம். அதே சட்டன்தான் அந்த ஆண்டு விஞ்ஞானி மாக்ஸ்வெல்லின் சொற்பொழிவுக்காக, மூன்று நிற வடிகட்டிகள் வைத்து உலகின் முதல் வண்ணப் படங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தவர். இருந்தாலும் அவர் யோசனை பரவலாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இடையில் இரண்டு வேறு வழிகள் வந்தன. 1925-ல் ஜெர்மனியின் லைக்கா. சட்டைப் பைக்குள் போகும் அளவு, சினிமா பிலிம், தனியாக ஒரு சின்ன ஜன்னல் வழியே பார்ப்பது. அதிலும் கண்ணாடி இல்லை. 1929-ல் ரோலைஃப்ளெக்ஸ். மேலே ஒரு லென்ஸ் பார்ப்பதற்கு, கீழே ஒரு லென்ஸ் எடுப்பதற்கு. கண்ணாடி மேல் லென்ஸுக்குப் பின்னால் அசையாமல் நிற்கும். பின்னாளில் ஜப்பானின் யாஷிகா இதையே குறைந்த விலைக்குக் கொடுத்தது. நம்மூர்ப் பக்க ஸ்டுடியோக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தது இந்த ஜாதிக் கேமராவைத்தான். என் தங்கை கல்யாணத்துக்கு வந்ததும் இதுதான்.

அதில் இரண்டு சங்கடம். குனிந்து பார்க்கும்போது இடது வலதாகத் தெரியும். மணமகள் இடப்பக்கம் நகர்ந்தால் கேமராவில் வலப்பக்கம் போவாள். பழக்கமில்லாதவர்கள் தடுமாறிவிடுவார்கள். இன்னொன்று, பார்க்கும் லென்ஸ் வேறு, எடுக்கும் லென்ஸ் வேறு என்பதால் கிட்டத்தில் எடுத்தால் தலை அறுந்துவிடும். பழைய ஆல்பத்தில் மாமன் தலைப்பாகை பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் போட்டோகிராபர் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள்; அந்தப் பெட்டியின் குணம் அப்படி.

இந்தச் சங்கடங்களைத் தீர்த்ததுதான் எஸ்.எல்.ஆரின் பெருமை. 1936-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தயாரான எக்ஸாக்டா, 35 மி.மீ. பிலிமில் இதைக் கொண்டுவந்தது. அப்போதும் மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். 1949-ல் வந்த கான்டாக்ஸ் எஸ், ஐங்கோணப் பட்டகத்தை வைத்ததால் கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்க முடிந்தது. இடது இடதாகவே தெரிந்தது. ஒரு குறை பாக்கி இருந்தது. படம் எடுத்ததும் மேலே போன கண்ணாடி கீழே வராது; அடுத்த படத்துக்குச் சுற்றும்வரை கண்ணுக்கு இருட்டுதான். ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1954-ல் கண்ணாடியை உடனே திரும்பி வரச் செய்தது. 1959-ல் நிக்கான் எஃப் வந்தது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது வருஷம், போட்டோகிராபர் என்றால் எஸ்.எல்.ஆர். என்று ஆகிவிட்டது. சினிமாவிலும் இதே கதைதான். 1937-ல் வந்த ஆரிஃப்ளெக்ஸ் கேமராவில் ஷட்டரோடு ஒரு கண்ணாடியும் சுழலும். அதனால் கேமராமேன், பிலிமில் விழும் காட்சியையே பார்த்துக்கொண்டு எடுக்க முடிந்தது.

உலகத்தில் வந்தது உடனே நமக்கு வந்துவிடவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமையாக இருந்த காலம். நல்ல கேமரா வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3. ஊட்டியில் 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் "இந்து" பிலிம் சுருளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என் முதல் வருஷச் சம்பளத்தில் வாங்கிய கிளிக் 3-ல் நான் எடுத்த படங்களில் முக்கால்வாசி ஆடிப்போயிருக்கும். மிச்சத்தில் என் விரல் இருக்கும்.

இந்தப் பற்றாக்குறையிலும் சாதித்தவர்கள் உண்டு. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். அவர் யானைகளைப் படமெடுத்த கேமராவின் பாகங்களெல்லாம் வெவ்வேறு கம்பெனி. உடல் ஒன்று, லென்ஸ் இன்னொன்று, இணைக்கும் சட்டம் அவரே செய்தது. அந்தக் கூட்டுக் கேமராவுக்கு "சூப்பர் பாண்டரோசா" என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களை இன்றைக்கும் வியந்து பார்க்கிறார்கள். கேமரா என்ன கேமரா என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு பிலிம் போயிற்று. நிக்கான் டி1 1999-ல் வந்தது. கேனன் 300டி 2003-ல் வந்து, விலையைச் சாதாரண ஸ்டுடியோக்காரர் எட்டும் தூரத்துக்கு இறக்கியது. டார்க் ரூம், ஹைப்போ வாசம், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்கிற கை எல்லாம் பத்தே வருஷத்தில் மறைந்தன. 2008-ல் ஒரு விநோதம் நடந்தது. எஸ்.எல்.ஆரிலேயே வீடியோ எடுக்கலாம் என்று நிக்கான் டி90 வந்தது. என் மருமகன் முதலில் வாங்கியது அதுதான். எஸ்.எல்.ஆரின் உச்சம் என்று எல்லோரும் கொண்டாடிய அதே ஆண்டில் பானாசோனிக் நிறுவனம் ஜி1 என்ற கேமராவை வெளியிட்டது. பார்க்க எஸ்.எல்.ஆர். போலவே இருக்கும், உள்ளே கண்ணாடி இல்லை. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2013-ல் சோனி ஏ7 வந்தபோது கவனித்தார்கள். 2018-ல் நிக்கானும் கேனனுமே கண்ணாடி இல்லாத பெரிய கேமராக்களோடு இறங்கிவிட்டார்கள். 2021 டிசம்பரில் கேனன், தன் உயர்தர எஸ்.எல்.ஆர். வரிசையில் இதற்குமேல் புதிது வராது என்று தெரிவித்தது. 2022 ஜூலையில், நிக்கான் புதிய எஸ்.எல்.ஆர். உருவாக்குவதை நிறுத்துகிறது என்று ஜப்பானியப் பத்திரிகைச் செய்தி வந்தது. உற்பத்தியும் விற்பனையும் சர்வீஸும் தொடர்கின்றன என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்தச் செய்தியை செல்போனில் பார்த்துவிட்டுத்தான் என் மருமகன் ஆடி மாதத்தில் என் திண்ணைக்கு வந்திருந்தான்.

ஒரு வாரம் கழித்து அவனை வரச் சொன்னேன். நான் முதலில் பேசியது கேமராவைப் பற்றி அல்ல, தறியைப் பற்றி.

அப்பா குழித்தறியில் உட்கார்ந்தவர். தார்க்குச்சியில் நூல் தீர்ந்தால் நாடாவை வெளியே எடுத்து, வேறு தார் போட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். ரோல் தீர்ந்த போட்டோகிராபரின் நிலைமைதான். பிறகு ஊரில் விசைத்தறி வந்தது. தெருவெல்லாம் "டடக் டடக்" என்று நாடா அடிக்கும் சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நாமெல்லாம் தூங்கி எழுந்தோம். இப்போது நாடாவே இல்லாத தறி வந்திருக்கிறது. வேகம் அதிகம், சத்தம் குறைவு, விலை பல மடங்கு. அவனுடைய கேமராக் கதையும் இதேதான். நாடா இல்லாத தறி, கண்ணாடி இல்லாத கேமரா. இடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருள் போய்விடுகிறது, அதனோடு சத்தமும் போகிறது.

"தறி மாத்துனவங்க கெட்டுப்போகலடா. மாத்தாதவங்க எல்லாரும் கெட்டுப்போகவும் இல்ல. கையில ஓடற தறியை வித்து, வீட்டை அடமானம் வெச்சு, ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்துனவங்கதான் ரெண்டு மாசம் ஆர்டர் இல்லாதப்ப தாங்க முடியாமப் போனாங்க" என்றேன். இது நான் கண்ணால் பார்த்தது.

பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டோம். இந்தப் பக்கம் லாபம், அந்தப் பக்கம் நட்டம்.

புதியதன் லாபங்கள்: படம் எப்படி விழப்போகிறது என்பது எடுப்பதற்கு முன்பே திரையில் தெரியும், வெளிச்சம் கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்ற பேச்சே குறைவு. ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். சத்தமே இல்லாமல் எடுக்கலாம். எடை குறைவு. அவனிடம் இருந்த நிக்கான் டி750 பேட்டரியோடு 840 கிராம். நிக்கான் இசட் 6 என்றால் 675 கிராம். விடியற்காலை மூன்று மணியிலிருந்து மத்தியானம் வரை கழுத்தில் தொங்கவிடுகிறவனுக்கு அந்தக் கிராம்களின் அருமை தெரியும்.

நட்டங்கள்: பேட்டரி. சென்சாரும் திரையும் ஓயாமல் ஓடுவதால் சீக்கிரம் தீரும். ஒரே விதமான சோதனைமுறையில் டி750-க்கு ஒரு சார்ஜில் 1,230 படம். இசட் 6-க்கு 310 படம். நடைமுறையில் இரண்டிலுமே கூடுதலாக வரும், ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான். சத்தமில்லாத முறையில் எடுக்கும்போது சென்சார் வரிவரியாகப் படிப்பதால், மண்டபத்தில் எல்.இ.டி. விளக்கு எரிந்தால் படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும். இன்றைக்கு எந்த மண்டபத்தில் எல்.இ.டி. இல்லை? மூன்றாவது, இசட் 6-ல் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். கல்யாண வேலைக்கு இரண்டு கார்டு வேண்டும். ஒன்று கெட்டால் இன்னொன்றில் இருக்கும். அதற்கு இசட் 6-ன் இரண்டாவது பதிப்பு வேண்டும், அது விலை கூடுதல்.

லென்ஸ் விஷயத்தில்தான் எனக்கே ஆச்சரியம். கண்ணாடி ஆடுவதற்கு இடம் வேண்டும் என்பதால், நிக்கான் எஸ்.எல்.ஆரில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் 46.5 மி.மீ. தூரம். கண்ணாடி போனதும் அதை 16 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். மிச்சமிருக்கும் முப்பது மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு வளையத்தைப் பொருத்தினால் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டலாம். புதிய லென்ஸைப் பழையதில் மாட்ட முடியாது. அவனிடம் இருந்த மூன்று லென்ஸில் இரண்டுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. அவை வளையத்தோடு நன்றாக ஓடும். மூன்றாவது பழைய 50 மி.மீ. லென்ஸுக்கு மோட்டார் கேமரா உடம்பில் இருக்க வேண்டும். புதியதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

"அப்ப எதுக்கு லென்ஸை விக்கற?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். கடைக்காரர் பழையதையெல்லாம் எடுத்துக்கொண்டு புதியது தருவதாகச் சொன்னாராம். பழைய லென்ஸுக்குப் போட்ட விலையைக் கேட்டபோது எனக்கே வயிறு எரிந்தது.

முடிவாக நாங்கள் எடுத்த வழி இது. எதையும் விற்பதில்லை. நகையைத் தொடுவதில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு மிரர்லெஸ்ஸை சேலத்தில் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. அப்படியே செய்தான். ராசிபுரத்தில் ஒரு மண்டபம். அவன் கையில் புதியது, உதவிப் பையன் கையில் டி750. அன்று இரவு கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். உண்மையைச் சொல்கிறேன், பெரிதாக்கிப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டும் தெரியவில்லை! ஆனால் அவன் வேறொன்று சொன்னான்.

"மாமா, எஸ்.எல்.ஆர்ல பட்டனை அமுக்கற அந்த நொடி, கண்ணாடி மேல போயிரும். நமக்கு இருட்டாயிரும். தாலி கட்டற நொடியை இத்தன வருசமா நான் பாத்ததே இல்ல. அதுக்கு முன்னால பாப்பேன், அதுக்குப் பின்னால பாப்பேன். இதுல பாத்தேன் மாமா."

இருபது வருஷம் ஒளியியல் நடத்திய எனக்கு இது தெரிந்த விஷயம்தான். பரீட்சைக்குக் கேள்வியாகக்கூடக் கொடுக்கலாம். ஆனால் ஒருவன் வாழ்க்கையில் அது என்னவாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

புரட்டாசியில் ஒரு செகண்ட் ஹேண்ட் இசட் 6 இரண்டாம் பதிப்பும் ஒரு வளையமும் வாங்கினான். கையில் இருந்தது பாதி, நான் கொடுத்தது பாதி. டி750-ஐ விற்கவில்லை, அது பையன் கையில் இன்றும் ஓடுகிறது. கூடுதலாக மூன்று பேட்டரி வாங்கிக்கொண்டான். எல்.இ.டி. இருக்கும் இடத்தில் சத்தமில்லாத முறையைப் போடுவதில்லை. நான் கொடுத்த பணத்தை மாதாமாதம் திருப்பிக் கொடுத்து முடித்துவிட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவன் கோபித்துக்கொள்வான்.

அந்தக் கார்த்திகையில் தங்கை வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்தது. எல்லோரும் வேன் பிடித்துத் திருக்கடையூர் போனோம். அறுபதாம் கல்யாணத்தில் மறுபடி தாலி கட்டுவது உங்களுக்குத் தெரியும். கோயில் முழுக்க எங்களைப் போல எத்தனையோ குடும்பம், நெரிசல், ஹோமப் புகை. என் மருமகன் காலையிலிருந்தே யாரிடமும் பேசவில்லை. இரண்டு கேமராவிலும் புதுப் பேட்டரி, காலிக் கார்டு. பக்கத்தில் யாரையும் நிற்க விடவில்லை, என்னையே தள்ளிவிட்டான். மேளம் மாறியதும் நான் தங்கையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அந்தப் படம் இப்போது தங்கை வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை கையில் மஞ்சள் கயிறு தெளிவாகத் தெரிகிறது. தங்கை கேமராவைப் பார்க்கவில்லை. குனிந்திருக்கிறாள், முகம் பாதிதான் தெரிகிறது. பழைய பாணியில் சொன்னால் அது "சரியாக விழாத" படம். பக்கத்திலேயே 1986-ல் கயிறில்லாமல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும் இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். அதில் அப்பாவும் அம்மாவும் பின்னால் நிற்கிறார்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை.

உங்கள் வீட்டிலும் பேரனோ மருமகனோ வந்து எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டால், என் அனுபவத்தில் மூன்றே வார்த்தை சொல்வேன். புதிதாகத் தொடங்குகிறவன் என்றால் கண்ணாடி இல்லாததையே வாங்கட்டும். இனி புதிய லென்ஸும் புதிய வேலைப்பாடும் அதற்குத்தான் வரும். ஏற்கெனவே எஸ்.எல்.ஆர். வைத்துப் பிழைக்கிறவன் என்றால் ஓடுகிற வண்டியை விற்க வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றி, பழைய லென்ஸை வளையத்தோடு ஓட்டட்டும். ஆசைக்குப் படம் எடுக்கிறவன் என்றால் இப்போது பழைய எஸ்.எல்.ஆர். மலிவாகக் கிடைக்கிறது, தாராளமாக வாங்கிப் பழகட்டும். எதுவானாலும் வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள் கேமரா இல்லாதவர்களுக்கும். பீரோவுக்குள் இருக்கும் பழைய ஆல்பத்தை இந்த வாரம் ஒருதரம் வெளியே எடுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மெல்லிய பென்சிலால் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதி வையுங்கள். என் தங்கை ஆல்பத்தில் பந்தலுக்குக் கீழே நிற்கும் ஆறேழு பேர் யாரென்று எனக்கே இப்போது தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா இல்லை.